போட்டது தெரியாத பவுடர்

என் அம்மாவிடம் அலங்காரம் செய்துகொள்ள வரும் பெண்கள் எல்லோருக்கும் போட்டது தெரிய வேண்டும். மாமா ஒருவருக்குத்தான் போட்டது தெரியக் கூடாது. இந்த ஒரு வித்தியாசம் அம்மாவை ஒரு மழைக்காலம் முழுக்க ஆட்டிவைத்தது.

செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. முன்னறையில் அம்மா பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். சுவரை அடைத்த ஒரு கண்ணாடி, சாய்ந்து உட்காரும் ஒரு நாற்காலி, தலைக்கு மேலே டியூப்லைட். கோயிலில் கல்யாணம் வைத்துக்கொள்ளும் சுற்றுவட்டாரப் பெண்கள் விடியும் முன்பே வந்து அந்த நாற்காலியில் உட்காருவார்கள். "ரெண்டு கலர் ஏத்தி விடுங்கக்கா" என்பார்கள். அம்மா ஏற்றிவிடுவாள். கழுத்துக்கு மேலே ஒரு பெண்ணும் கழுத்துக்குக் கீழே இன்னொரு பெண்ணுமாக அவர்கள் எழுந்து போவார்கள். கூட வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அம்மாவுக்கு அன்று முழுவதும் பசிக்காது.

மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கிக்கொண்டு, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலில் சப்ளையராக வேலை பார்த்தார். ஒரு கையில் தட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் சாம்பார் வாளியோடு கூட்டத்துக்குள் நுழைந்து வருவார். ஒரு சொட்டுகூடச் சிந்தாது. நான் நான்காம் வகுப்பு படித்தபோது அவருடைய உதட்டோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் விட்டதுபோல இருந்தது. பிறகு இடது கண்ணிமையிலும் ஒன்று. அரசு மருத்துவமனைத் தோல் டாக்டர், வெண்புள்ளி, யாருக்கும் ஒட்டாது என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. நான் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்து, இது எந்த நாடு என்று அட்லஸில் தேடிக்கூடப் பார்த்திருக்கிறேன். மாமா பொறுமையாகக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு பௌர்ணமி அன்று, ஊரே கிரிவலக் கூட்டத்தில் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில், மாமா வீட்டுக்கு வந்து நின்றார்.

"ஏன்டா, இன்னைக்குப் போய் சீக்கிரம் வந்துட்ட?" என்றாள் அம்மா.

"சாம்பார் ஊத்தப் போனேன்க்கா. அந்தம்மா என் மூஞ்சியப் பாத்தாங்க. இலைய மூடிட்டு எழுந்துட்டாங்க. பசங்களையும் கையப் புடிச்சி எழுப்பிட்டாங்க."

"முதலாளி திட்டினாரா?"

"திட்டி இருந்தாப் பரவால்ல. தோள்ல கை போட்டுச் சொன்னாரு. கொஞ்ச நாளைக்கு உள்ள இருந்து காய், மாவு எல்லாம் பாத்துக்கப்பான்னு. அதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அம்மா அவர் முகவாயைப் பிடித்து டியூப்லைட் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு, ஏதோ கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல, "காலைல குளிச்சிட்டு முன்ரூமுக்கு வா" என்றாள்.

மறுநாள் அந்த நாற்காலியில் முதல் முறையாக ஓர் ஆண் உட்கார்ந்தார். அம்மா தன் முழுத் திறமையையும் காட்டினாள். புள்ளி மறைந்தது. கூடவே மாமாவும் மறைந்துவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்தது, திருவிழாக் கடையில் தொங்கும் ரோஸ் கலர் பொம்மை. செய்தித்தாளை இறக்கிப் பார்த்த அப்பா, "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அம்மா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

சிக்கல் நிறத்தில் இருந்தது. அம்மாவிடம் இருந்த கிரீம் குழாய்களும் டப்பாக்களும் ஆளை வெளுப்பாக்க வந்தவை. மாமாவோ நல்ல கறுப்பு. தேரடித் தெருவில் இருந்த ஃபேன்சி ஸ்டோர்களில் எல்லாம் அம்மா ஏறி இறங்கினாள். நானும் கூடப் போனேன். போன இடத்தில் எல்லாம் ஒரே பதில். "இதுக்கு மேல டார்க் வராதுக்கா. யாரும் கேக்க மாட்டாங்க." வெளியே வந்து பார்த்தால் தெரு முழுக்க மாமாவின் நிறத்தில்தான் ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த நிறத்துக்கு ஊரில் ஒரு டப்பா இல்லை.

கடைசியில் அம்மா செல்போனில் தேடி இரண்டு குழாய்கள் வரவழைத்தாள். ஒன்று செங்கல் நிறத்தில் இருந்தது, இன்னொன்று சாம்பல் பூத்தது. இரண்டையும் புறங்கையில் வைத்துக் குழைத்துக் குழைத்து மாமாவின் நிறத்தை ஒரு நாள் பிடித்துவிட்டாள். டியூப்லைட்டில் பார்த்தால் கச்சிதம். வாசலுக்கு வந்ததும் உதட்டோரத்தில் சேறு அப்பியதுபோலத் தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு வேலை கிடைத்தது.

தினமும் காலையில் மாமா கேட்டுக்கு வெளியே வெயிலில் போய் நிற்பார். நான் அவரைச் சுற்றிவந்து பார்த்து, "தெரியுது" அல்லது "தெரியல" என்று சொல்ல வேண்டும். பள்ளிச் சீருடையில் இருந்துகொண்டு இந்த வேலையை நான் மிகக் கறாராகச் செய்தேன். நான் "தெரியுது" என்றால் அம்மா பஞ்சோடு ஓடிவருவாள். இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். முதலில் முகம் கழுவி ஈரம் காக்கும் களிம்பு தடவி, அது உள்ளே இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். மாமா அந்த நேரத்தில் காபி குடித்துவிடுவார். பிறகு ஈரப் பஞ்சால் துளித் துளியாகத் தட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. ஒரே தடவையில் அப்பாமல் மெல்லிசாக ஒன்று, அது காய்ந்ததும் இன்னொன்று. ஓரங்களை விரலால் கலைத்துவிட வேண்டும். புள்ளியை மட்டும் மறைத்தால் போதும், மற்ற முகத்தைத் தொடவே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆனது.

அப்படியும் ஏதோ சரியில்லை. நான் பிடிவாதமாக "தெரியுது" என்றேன். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"அடச்சீ! ஆம்பள மூஞ்சியாச்சே. சவரம் பண்ணின எடத்துல பச்சையா ஒரு நிழல் இருக்கணுமே. இது இன்னா, வழுவழுன்னு வாழைப்பழம் மாதிரி?"

புருவப் பென்சிலைக் கூராகச் சீவி, முள்முள்ளாகப் புள்ளி வைத்து, மேலே பவுடரைப் பஞ்சால் ஒற்றினாள். மாமா வெயிலுக்கு வந்தார். நான் முன்னால் நின்று பார்த்தேன், பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அங்கே மாமா மட்டும் இருந்தார்.

"தெரியல" என்றேன்.

அடுத்த வாரம் மாமா மறுபடியும் சாம்பார் வாளியோடு கூட்டத்துக்குள் போனார். யாரும் எழுந்து போகவில்லை. முதலாளி ஒரு டப்பா மைசூர்பாக் கொடுத்தனுப்பினார். அம்மாவின் கைவேலையிலேயே உயர்ந்தது அந்த முகம்தான். ஆனால் அதைப் பார்த்து வாயைப் பிளக்க ஒருவர்கூட இல்லை. வாயைப் பிளந்தால் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

அதன் பிறகு மாமா சில விஷயங்களை விட்டுவிட்டார். சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடிப்பதை விட்டார். மத்தியானம் ஒருக்களித்துத் தூங்குவதை விட்டார். உதட்டோரம் விரிந்துவிடும் என்று வாய்விட்டுச் சிரிப்பதையும் குறைத்துக்கொண்டார். அவர் இப்போது பெரிய மனிதர்போல அடக்கமாகிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

தை பிறக்கும் முன்பே பெண் பார்க்கும் பேச்சு வந்தது. பெண்ணுக்கு ஊர், கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை. சாமந்தி பயிரிடும் குடும்பம். பெண் டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்தாள். வெண்புள்ளி விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடலாம் என்றார் அப்பா. முதலில் பிடிக்கட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் தரகர். அம்மா தரகர் பக்கம் சாய்ந்தாள். மாமாவை யாரும் கேட்கவில்லை.

அன்று காலை அம்மா எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு கல்யாணப் பெண்களைத் தயார் செய்திருக்கலாம். நான் வெயிலில் வைத்து இரண்டு முறை பார்த்து, "தெரியல" என்ற பிறகுதான் எல்லோரும் கிளம்பினோம்.

பெண் வீட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். அவளுடைய அப்பாவுக்கு மாமாவைப் பிடித்துவிட்டது, பேச்சிலேயே தெரிந்தது. "ரெண்டு பேரும் மொட்டை மாடில தனியாப் பேசிட்டு வரட்டும்" என்றார். தனியாக என்றால் முழுத் தனிமை அல்ல. துணைக்கு ஒரு குழந்தையை அனுப்புவது வழக்கம். என்னை அனுப்பினார்கள்.

மாடியில் மிளகாய் காயப் போட்டிருந்தது. எதிரே மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல நின்றது. சினிமாவில் வருவதுபோல ஏதாவது நடக்கும் என்ற ஆவலோடு நான் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டேன். அவர்களோ வெகுநேரம் மிளகாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு கேட்டாக் கோச்சிக்க மாட்டீங்களே?" என்று பெண்தான் ஆரம்பித்தாள்.

"கேளுங்க."

"மூஞ்சிக்கு என்ன போட்டிருக்கீங்க?"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தொட்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். நான்தானே "தெரியல" என்று சொல்லி அனுப்பியவள்.

"தெரியுதா?" என்றார் மாமா.

"சத்தியமா தெரியல. ரொம்ப நல்லாப் போட்டு விட்டிருக்காங்க. ஆனா நீங்க வந்ததுல இருந்து வேர்வையத் தொடைக்கவே இல்ல. கர்ச்சீப்ப வெச்சி ஒத்தி ஒத்தி எடுக்கறீங்க. எங்க கடைல நாங்க அப்படித்தான் ஒத்துவோம். தொடைச்சா எல்லாம் கையோட வந்துடும்."

மாமா சட்டென்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மலையைப் பார்த்தபடி சொன்னார்.

"வாய்கிட்டயும் கண்ணுகிட்டயும் வெண்புள்ளி இருக்குது. ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னும் ஜாஸ்தி ஆவுமா, இப்படியே நிக்குமான்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கீழ யாரும் இதச் சொல்லல. எனக்கும் வாய் வரல."

"இப்ப சொல்லிட்டீங்களே."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு நடந்த பேச்சு என்னை மிகவும் ஏமாற்றியது. இருவரும் பவுடரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"தினமுமா போடறீங்க?"

"வேலைக்குப் போற நாளுக்கெல்லாம். அரை மணி நேரம் ஆவுது."

"எனக்குப் பத்து நிமிஷம். கன்னத்துல பரு வந்து குழி விழுந்திருக்குது பாருங்க, அதுக்குத்தான். போடாமப் போனா ஒடம்பு சரியில்லையான்னு சூப்பர்வைசர் கேப்பாரு. கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டா, கஸ்டமரை விட நீ மினுக்காதம்பாரு. ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்." அவள் மாமாவின் முகத்தை அருகில் வந்து பார்த்தாள். "இந்தக் கலர் எங்க கிடைச்சது? நான் தேடாத கடை இல்ல."

"கிடைக்காது. அக்கா ரெண்டு டியூப்ப கலந்து செய்யறாங்க. ஒண்ணு செங்கல்லு, ஒண்ணு சாம்பலு."

"எவ்ளோ எவ்ளோ?"

"செங்கல்லு கொஞ்சம் ஜாஸ்தி. மழை நாள்ல கம்மி."

இப்படியே போனது. நான் மிளகாய்களை எண்ண ஆரம்பித்தேன். திடீரென்று அவள், "கழுவிக் காட்டறீங்களா?" என்று கேட்டாள்.

"இங்கியேவா?"

"தொட்டிகிட்ட குழாய் இருக்குது."

மாமா குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். அம்மாவின் வேலை அசையவில்லை. அவர் தேய்க்கத் தேய்க்க அது உதட்டோரத்தில் திட்டுத் திட்டாக நின்றது. "வெறும் தண்ணிக்குப் போவாது" என்று சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, கீழ போய் தேங்காய் எண்ணெய் வாங்கிட்டு வரியா?"

நான் படியிறங்கி ஓடினேன். கூடத்தில் பெரியவர்கள் மண்டபம் எது நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தேங்காய் எண்ணெய் வேணுமாம்" என்றேன்.

"எதுக்கும்மா?" என்றார் பெண்ணின் அம்மா.

"மாமா மூஞ்சி கழுவறதுக்கு."

அம்மா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா கூரையைப் பார்த்தார். தரகர் எழுந்து, யாரோ கூப்பிட்டதுபோல வாசலுக்குப் போய்விட்டார். பெண்ணின் அம்மா மட்டும் ஒன்றும் புரியாமல் எண்ணெய் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மாமா எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டார். பெண் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களது கழுவ மாட்டீங்களா?" என்று மாமா கேட்டார். "ஐயோ, வெளியாளுங்க எல்லாம் இருக்காங்க, நான் மாட்டேன்" என்று சிரித்தாள். அவர்கள் முன்னே இறங்க, நான் எண்ணெய் பாட்டிலோடு பின்னே இறங்கினேன்.

கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமாவின் முகம் எண்ணெயில் பளபளத்தது. புள்ளிகள் அந்தப் பளபளப்பில் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தன. பெண்ணின் அப்பா மெல்ல எழுந்தார்.

"இன்னாம்மா இது?" என்றார், மாமாவிடம் அல்ல, அம்மாவிடம்.

அம்மா என்னென்னவோ சொன்னாள். டாக்டர், களிம்பு, ஒட்டாது, அப்புறம் சொல்லலாம் என்று இருந்தோம். எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தன. அவர் குரலை உயர்த்தவில்லை. "சொல்லி இருக்கலாமேம்மா. நானும் ஒரு பொண்ணப் பெத்தவன்" என்றார். அம்மாவின் தலை கவிழ்ந்துவிட்டது.

"சொல்லிட்டாருப்பா" என்றாள் பெண்.

"யாரு?"

"அவருதான். மேல."

அவர் மகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கு என்ன பொருள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அம்மா மாமாவைத் திட்டித் தீர்த்தாள். அரை நாள் வேலையை எண்ணெய் போட்டுத் துடைத்தாயே, கிடைத்த இடத்தைக் கெடுத்துக்கொண்டாயே என்றாள். திட்டும்போதே முந்தானையால் அவர் காதோரம் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டாள். மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தில் காற்று அடிப்பதை ரசிப்பவர்போல இருந்தார்.

கடைசியில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அப்படி இன்னாதான்டி பேசினாங்க மேல?"

"பவுடர் பத்தி" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. செங்கல்லு, சாம்பலு. ரொம்ப போர்."

அப்பா முன் சீட்டில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

பெண் வீட்டிலிருந்து சில வாரங்கள் எந்தச் சேதியும் இல்லை. பெண் தன் அப்பாவை அதே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும், அவர் டாக்டரிடம் தனக்குத் தோன்றிய கேள்வி எல்லாம் கேட்டதும் பின்னால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. பங்குனியில் ஒரு நாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறையச் சாமந்திப் பூவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "தேதி பாக்கலாமா?" என்று கேட்டார்.

கல்யாணத்தன்று அம்மா இருவருக்கும் அலங்காரம் செய்தாள். மாமா புள்ளிகளை மறைத்துக்கொண்டார். போட்டோவுக்கு நன்றாக இருக்கட்டும் என்று அவரே கேட்டார். இப்போது எனக்கு அத்தையாகிவிட்ட அந்தப் பெண்ணுக்கு நிறம் ஏற்ற வேண்டும் என்று யாரோ சொன்னபோது அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். அந்தப் போட்டோக்களில் அவர்கள் இருவரும் அவர்கள் மாதிரியே இருக்கிறார்கள்.

பள்ளி விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீடு. ஜன்னலோரம் ஒரு கண்ணாடி. முதல் நாள் காலை இருவரும் அதன் முன்னால் நின்று, மாற்றி மாற்றி இடித்துக்கொண்டு, ஒரே டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அத்தை கலந்து வைத்திருந்த நிறம் அது. இரண்டு பேருக்கும் அது பொருந்தியது. மறுநாள் இருவரும் தாமதமாக எழுந்தார்கள். அத்தை அவசரமாகத் தன் பத்து நிமிடத்தை முடித்தாள். மாமா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சாப்பிட்டார், செருப்பை மாட்டினார்.

"மாமா, நீங்க போட்டுக்கல" என்றேன்.

"நேரமாயிடுச்சு பாப்பா" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி விறுவிறுவென்று போய்விட்டார். அத்தை தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போகிறாரே என்று மட்டும் கத்தினாள்.

அன்று ஓட்டலில் யாராவது இலையை மூடிவிட்டு எழுந்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. சாயங்காலம் மாமா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாள் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் ஒரு நாள் நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் சோம்பலாக இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் கோபமாக இருந்தது. எத்தனை காலைகள் எல்லோரும் சேர்ந்து பாடுபட்டுக் கண்டுபிடித்தது அது. விடுமுறை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் புகார் சொன்னேன்.

"மாமா சோம்பேறி ஆயிட்டாரும்மா. பாதி நாள் போட்டுக்கறதே இல்ல. நேரமாயிடுச்சுன்னு அப்படியே போயிடறாரு."

நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரைகுறை அலங்காரத்தோடு யாரையும் வாசலைத் தாண்ட விடாதவள் என் அம்மா. மாமாவுக்கு உடனே போன் போட்டுத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் கையிலிருந்த பஞ்சு அந்தப் பெண்ணின் கன்னத்தருகே அப்படியே நின்றது.

"ஆவட்டும்டி" என்றாள். "இன்னும் நல்லா ஆவட்டும்."

தம்பியின் மேல் அவளுக்கு அக்கறை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் முகத்தைத் தூக்கி வைத்தபடி உள்ளே போனேன்.